ப்ளோவரை அடக்கி ஓட்டுவது எப்படி: சுத்திகரிப்பு நிலையத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அதிகாலை மூன்று மணிக்கு ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போய் நின்று பாருங்கள். ஊர் தூங்குகிறது, உள்ளே வரும் தண்ணீர் பகலில் வந்ததில் பாதிகூட இருக்காது, அதில் இருக்கும் அழுக்கும் குறைவு. ஆனால் தொட்டிக்குக் காற்றடிக்கும் ப்ளோவர் அறை மட்டும் பகல் பத்து மணிக்கு எப்படி இரைந்ததோ அப்படியே இரைந்துகொண்டிருக்கும். காற்றோட்டத் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடே இல்லாத நேரத்தில் அவற்றுக்கு மூச்சுக் காற்றை மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறோம். அந்தக் காற்று குமிழியாக மேலே வந்து வெடித்துப் போகிறது, மீட்டர் மட்டும் ஓடுகிறது.

இப்படிப்பட்ட நிலையங்களில் மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி, பல இடங்களில் அதற்கும் மேல், இந்தக் காற்றடிப்பதற்கே போகிறது. அதனால் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றதும் எல்லோரும் ப்ளோவரைத்தான் பார்க்கிறார்கள், அது சரிதான். தவறு அடுத்த கேள்வியில் இருக்கிறது. "எந்த வி.எஃப்.டி. வாங்கலாம்?" என்று ஆரம்பிக்கிறார்கள். மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் இந்தக் கருவியை வாங்குவதற்கு முன்னால், எவ்வளவு காற்று தேவை, இப்போது எவ்வளவு போகிறது, அதைச் சொல்லும் சென்சார் உண்மையைச் சொல்கிறதா என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் வி.எஃப்.டி. மாட்டிய நிலையங்களில் பெரும்பாலும் அது நூறு சதவீதத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் கீழே சொல்வதை இதே வரிசையில் செய்யுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் பின்னால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன ப்ளோவர்?

பெயர்ப் பலகையைப் படியுங்கள். பொதுவாக இரண்டு குடும்பங்கள். ஒன்று ரூட்ஸ் வகை, அதாவது உள்ளே இரண்டு அல்லது மூன்று இதழ் கொண்ட இரு சுழலிகள் காற்றைப் பொதிபொதியாக அள்ளித் தள்ளும். ஸ்க்ரூ ப்ளோவரும் இந்தக் குடும்பம்தான். இதில் காற்றின் அளவு வேகத்தைப் பொறுத்தது. அழுத்தம் எவ்வளவு என்பதை எதிரே இருக்கும் தண்ணீர்தான் முடிவு செய்யும். இன்னொன்று சென்ட்ரிஃப்யூகல் வகை: பல அடுக்கு உள்ளவை, கியர் வைத்த ஒற்றை அடுக்கு, காற்றுத் தாங்கியிலோ காந்தத் தாங்கியிலோ அதிவேகமாகச் சுழலும் டர்போ. இவற்றில் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் காற்றின் அளவு நிறைய மாறும்.

இது ஏன் முக்கியம் என்றால், ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் இயந்திரம் போய்விடும். ரூட்ஸ் ப்ளோவரின் வெளியேறும் வால்வை மூடிக் காற்றைக் குறைக்கவே கூடாது. அது அதே அளவு காற்றைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும், அழுத்தம் ஏறும், சூடு ஏறும், பாதுகாப்பு வால்வு திறக்கும், இல்லையென்றால் மோட்டார் டிரிப் ஆகும். மின்சாரமும் குறையாது, கூடும். சென்ட்ரிஃப்யூகல் வகையில் உள்வாங்கும் பக்கத்து வால்வைக் கொஞ்சம் மூடிக் குறைக்கலாம், மின்சாரமும் ஓரளவு குறையும். ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே போனால் சர்ஜ் வரும், அதாவது காற்று முன்னும் பின்னுமாக அடித்து இயந்திரமே உறுமும். அந்த உறுமலை ஒரு தடவை கேட்டால் மறக்க மாட்டீர்கள். கேட்காமலே இருப்பது நல்லது.

இரண்டு வாரம் எதையும் தொடாமல் அளந்து மட்டும் பாருங்கள்

ஒவ்வொரு ப்ளோவருக்கும் தனி மின் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரையாவது மணிக்கு ஒரு தடவை குறித்து வையுங்கள். அதோடு தொட்டியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், ஹெடர் குழாயின் (ப்ளோவரிலிருந்து காற்றைத் தொட்டிகளுக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்) அழுத்தம், உள்ளே வரும் நீரின் அளவு, முடிந்தால் உள்ளேயும் வெளியேயும் பிஓடி (நீரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு), அம்மோனியா. இரவு ஷிஃப்ட்டிலும் எடுக்க வேண்டும். பகல் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுத்தால் மிச்சம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, ஏனென்றால் வீணாவதில் பெரிய பங்கு ராத்திரியில்தான்.

இந்த இரண்டு வாரத்தில் ஆக்சிஜன் அளவை, இனிமேல் டி.ஓ. என்றே சொல்கிறேன், ஒரு கோடாக வரைந்து பாருங்கள். பகலில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், இரவில் 5 அல்லது 6 என்று ஏறி இறங்கினால் உங்களுக்கு நல்ல காலம், மிச்சம் பிடிக்க நிறைய இடம் இருக்கிறது. இரவும் பகலும் 0.5க்குக் கீழேயே கிடந்தால் மிச்சம் பிடிக்கும் பேச்சை நிறுத்திவிட்டு, காற்று ஏன் போதவில்லை என்று முதலில் பாருங்கள்.

டி.ஓ. ஏறினால் என்ன நஷ்டம், நுண்ணுயிர்களுக்கு நல்லதுதானே என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

தண்ணீரில் ஆக்சிஜன் ஓர் உச்ச அளவுக்கு மேல் கரையாது. 20 டிகிரி நல்ல நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9.1 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5. குமிழியிலிருந்து ஆக்சிஜன் தண்ணீருக்குள் போகும் வேகம், இந்த உச்ச அளவுக்கும் இப்போது தொட்டியில் இருக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. உச்சம் 8 என்று வைத்துக்கொள்வோம். டி.ஓ. 2 இருக்கும்போது இடைவெளி 6. டி.ஓ. 5 இருக்கும்போது இடைவெளி 3. நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன் இரண்டு நேரத்திலும் ஒன்றுதான் என்றால், 5இல் வைத்திருக்க 2இல் வைத்திருப்பதைப் போல இரண்டு மடங்கு காற்று அடிக்க வேண்டும். அதே வேலை, இரட்டைச் செலவு. உண்மையில் அதற்கும் கொஞ்சம் மேலேயே ஆகும், ஏனென்றால் ஒரு டிஃப்யூசர் (தொட்டியின் அடியில் காற்றைக் குமிழியாக்கி விடும் பாகம்) வழியாகக் காற்றைக் கூட்டக் கூட்டக் குமிழி பெரிதாகும், பெரிய குமிழி வேகமாக மேலே ஓடிவிடும், கரைவதற்கு நேரமே இருக்காது. எட்டை நெருங்க நெருங்க எவ்வளவு அடித்தாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

சென்சாரை நம்பலாமா?

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு நிலையத்தில் டி.ஓ. எப்போதும் 0.8ஐத் தாண்டவில்லை. ப்ளோவர்கள் எல்லாம் முழு வேகம். வரும் கழிவின் அழுக்கு கூடிவிட்டது, இன்னொரு ப்ளோவர் வாங்க வேண்டும் என்று கோப்பு வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் வயதான ஆபரேட்டர் ஒருவர் சென்சாரை வெளியே இழுத்தார், அதன் முகத்தில் விரல் தடிமனுக்கு வழவழவென்று படலம் அப்பியிருந்தது. துணியால் துடைத்துத் திரும்ப இறக்கினோம், 4.6 காட்டியது. அந்தப் படலத்தில் இருந்த நுண்ணுயிர்கள் சென்சாருக்கு எட்டும் முன்பே ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருந்தன, அவ்வளவுதான். சென்சார் குறைவாகச் சொன்னது, கட்டுப்பாட்டுக் கருவி அதை நம்பிக் காற்றைக் கூட்டியது.

அதனால் வாரம் ஒரு தடவையாவது துடையுங்கள்; கொழுப்பு அதிகம் வரும் நிலையம் என்றால் இரண்டு தடவை. தேய்க்கக் கூடாது, மென்மையான ஈரத் துணி போதும். துடைப்பதற்கு முன் ஒரு அளவு, துடைத்த பின் ஒரு அளவு எழுதி வைத்தால், எத்தனை நாளைக்கு ஒரு தடவை துடைக்க வேண்டும் என்பதை உங்கள் நிலையமே சொல்லிவிடும்.

சரிபார்ப்பதும் சுலபம். துடைத்த சென்சாரை ஈரமாகவே காற்றில், நிழலில் பிடியுங்கள். அந்த வெப்பநிலைக்கு உரிய உச்ச அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். சோடியம் சல்ஃபைட் கரைத்த நீரில் முக்கினால் சுழியத்துக்கு இறங்க வேண்டும். கையில் எடுத்துப் போகும் மீட்டர் ஒன்று இருந்தால் தொட்டியிலேயே பக்கத்தில் இறக்கி ஒப்பிடலாம். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஒளியால் அளக்கும் வகையை வாங்குங்கள். பழைய சவ்வு வகைக்கு மின்பகுளி நிரப்ப வேண்டும், சவ்வு மாற்ற வேண்டும், அதன் முன் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், யாரும் செய்வதில்லை.

எங்கே மாட்டுவது என்பதும் பாதி வேலை. கழிவு உள்ளே விழும் வாயிலில் வைத்தால் எப்போதும் குறைவாகக் காட்டும், வெளியேறும் மூலையில் வைத்தால் வேலை முடிந்த தண்ணீரை அளக்கும். நீளமான தொட்டியில் முக்கால் தூரத்தை நெருங்கும் இடம் பெரும்பாலும் பொருந்தும், இரண்டு சென்சார் வைக்க முடிந்தால் நடுவில் ஒன்று. அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் ஆழம். டிஃப்யூசருக்கு நேர் மேலே குமிழி கொப்பளிக்கும் இடம் வேண்டாம், குமிழி வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டால் பொய்யாக அதிகம் காட்டும். அப்புறம், ஆபரேட்டர் கைக்கு எட்டும் இடமாக இருக்கட்டும். ஏணி போட்டு எட்ட வேண்டிய சென்சாரை ஒருவரும் துடைக்க மாட்டார்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காசு அதிகம் செலவில்லாத வேலைகளை முடித்துவிடுங்கள்

உள்வாங்கும் காற்று வடிகட்டியைப் பாருங்கள். அடைத்திருந்தால் ப்ளோவர் உறிஞ்சவே சக்தி செலவாகிறது. குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். தொட்டியின் மேல்பரப்பை நின்று கவனியுங்கள். ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் பெரிதாகக் கொதிப்பது போல எழும்பினால் கீழே டிஃப்யூசர் கிழிந்திருக்கிறது அல்லது குழாய் விட்டிருக்கிறது. அந்த வழியாகப் போகும் காற்று எல்லாம் பெருங்குமிழி, பயன் ஏதுமில்லை.

டிஃப்யூசர் அடைப்பு மெதுவாக வரும் நோய். ஹெடர் அழுத்தத்தை ஒரே காற்றளவில் மாதாமாதம் குறித்து வைத்தால் அது ஏறுவது தெரியும். தண்ணீரின் ஆழம் மாறாது. நாலு மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 0.4 பார் அதற்கே போகும். மீதி குழாயும் டிஃப்யூசரும்தான். மென்சவ்வு டிஃப்யூசர் என்றால் அவ்வப்போது சில நிமிடம் காற்றைக் கூட்டிப் பின் குறைத்துச் சவ்வை நீட்டி மடக்கினால் மேலே படிந்தது ஓரளவு உதிரும். எந்த அளவு வரை கூட்டலாம் என்பதைத் தயாரிப்பாளர் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அரை பார் அழுத்தத்தில் ஓடும் ப்ளோவருக்கு ஒவ்வொரு 10 மில்லிபார் குறைவதற்கும் மின்சாரம் ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறையும். சின்ன எண்தான், ஆனால் வருடம் முழுக்க இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் இயந்திரத்துக்கு அது சின்ன எண் இல்லை.

சிறிய நிலையம், பெல்ட்டில் ஓடும் ரூட்ஸ் ப்ளோவர், வி.எஃப்.டி. வாங்கப் பணம் இல்லை, ஆனால் டி.ஓ. பகலிலும் 4க்கு மேல் நிற்கிறது என்றால், புல்லியை மாற்றுங்கள். மோட்டார் பக்கத்துப் புல்லி சின்னதானால் ப்ளோவர் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும், மின்சாரமும் குறையும். ஒரு மதிய நேரத்து வேலை. வடிவமைத்தவர்கள் இருபது வருடம் கழித்து வரப்போகும் மக்கள்தொகைக்குக் கணக்குப் போட்டுப் பெரிய ப்ளோவரைத் தந்திருப்பார்கள், அந்த மக்கள் வரும்போது பழைய புல்லியைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். பழைய புல்லியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு டி.ஓ. போதும், எவ்வளவு காற்று குறைந்தபட்சம்?

பிஓடி மட்டும் போக்க வேண்டும் என்றால் 1 முதல் 1.5 போதுமானது. அம்மோனியாவையும் போக்க வேண்டும் என்றால் வழக்கமாக 2. இந்த 2 என்பது கல்லில் வெட்டியது இல்லை, பல நிலையங்கள் அதற்குக் கீழேயும் நன்றாக ஓடுகின்றன, ஆனால் புதிதாக வருபவர்களுக்கு அதுதான் பாதுகாப்பான ஆரம்பம். அங்கிருந்து வாரத்துக்கு 0.2 அல்லது 0.3 என்று இறக்குங்கள். ஒவ்வொரு தடவை இறக்கிய பிறகும் வெளியேறும் அம்மோனியாவையும், ஸ்லட்ஜ், அதாவது தொட்டியில் நுண்ணுயிர்கள் சேர்ந்த சேறு, எப்படிப் படிகிறது என்பதையும் பாருங்கள். ஸ்லட்ஜ் இன்டெக்ஸ் (அரை மணி நேரம் படியவிட்ட பின் ஒரு கிராம் ஸ்லட்ஜ் பிடிக்கும் இடம், மில்லிலிட்டரில்) 150ஐத் தாண்டி ஏற ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு ஒரு படி மேலே போங்கள். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நூல் மாதிரி வளரும் பாக்டீரியாக்கள் பெருகும், ஸ்லட்ஜ் பஞ்சாகிப் படியாது, கடைசியில் தெளிவுத் தொட்டியிலிருந்து வழிந்து வெளியே போகும். அதைத் திருத்த ஆகும் செலவுக்கு முன்னால் மிச்சம் பிடித்த மின்சாரம் ஒன்றுமே இல்லை.

அம்மோனியா கணக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 4.57 கிலோ ஆக்சிஜன் வேண்டும். பிஓடிக்கோ கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான். உங்கள் அனுமதியில் அம்மோனியா வரம்பே இல்லை என்றால், ஸ்லட்ஜை அதிக நாள் தொட்டியில் வைத்திருப்பதால் வேண்டாத அம்மோனியா வேலை தானாக நடந்து, அதற்கும் சேர்த்துக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வெளியேறும் நீரில் நைட்ரேட் அளந்தால் தெரிந்துவிடும். ஸ்லட்ஜைக் கொஞ்சம் கூடுதலாக வெளியேற்றினாலே காற்றுத் தேவை இறங்கும். வரம்பு இருக்கிறது என்றால், காற்றில்லாத ஒரு பகுதியை முன்னால் வைத்து நைட்ரேட்டை அங்கே திருப்பி அனுப்ப முடியுமா என்று யோசியுங்கள். ஒரு கிலோ நைட்ரேட் நைட்ரஜன் அங்கே வாயுவாகப் போகும்போது 2.86 கிலோ ஆக்சிஜனுக்குச் சமமான வேலையை இலவசமாகச் செய்துவிட்டுப் போகும்.

டி.ஓ. போதும் என்பதற்காகக் காற்றை எவ்வளவும் குறைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். காற்று இன்னொரு வேலையும் செய்கிறது, ஸ்லட்ஜைக் கீழே படியவிடாமல் கலக்குகிறது. தரை முழுக்க நுண்குமிழி டிஃப்யூசர் உள்ள தொட்டிக்குத் தரையின் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறக்குறைய 2.2 கன மீட்டர் காற்று என்பது வழக்கமான கீழ் எல்லை. 200 சதுர மீட்டர் தரை என்றால் 440 கன மீட்டர். தனி மிக்ஸர் இருந்தால் இந்தக் கவலை இல்லை. இதோடு டிஃப்யூசருக்கு என்று ஒரு குறைந்தபட்சக் காற்று உண்டு, அதற்குக் கீழே போனால் ஒரு பக்கம் மட்டும் குமிழி வரும். இரண்டில் எது பெரிதோ அதுதான் உங்கள் குறைந்தபட்சக் காற்று. இரவில் இந்தக் குறைந்தபட்சத்தில் ஓட்டியும் டி.ஓ. 3 வந்தால் அது உங்கள் தொட்டியின் எல்லை, விட்டுவிடுங்கள்.

இப்போது வி.எஃப்.டி.

விற்க வருபவர்கள் ஒரு கணக்கு காட்டுவார்கள்: வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகும் என்று. 0.8ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.51 வருவது உண்மைதான், ஆனால் அந்த விதி உராய்வை மட்டும் எதிர்த்து ஓடும் விசிறிக்கும் பம்புக்கும். நம் ப்ளோவருக்கு எதிரே நிற்பது தண்ணீரின் ஆழம், வேகத்தைக் குறைத்தால் ஆழம் குறையாது. ரூட்ஸ் ப்ளோவரில் வேகம் 80 சதவீதமானால் மின்சாரமும் ஏறக்குறைய 80 சதவீதம், அவ்வளவுதான். அதுவே நல்ல மிச்சம். பாதியாகும் என்று நம்பி முதலீட்டுக் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு மேலிடத்தில் திட்டு வாங்காதீர்கள்.

கணக்கு எவ்வளவு வரும் என்று ஓர் உத்தேசம் வேண்டுமென்றால்: மணிக்கு 1000 கன மீட்டர் காற்றை அரை பார் அழுத்தத்துக்கு ஏற்றக் கோட்பாட்டளவில் ஏறக்குறைய 12 கிலோவாட் வேண்டும். மோட்டார், பெல்ட், ப்ளோவர் எல்லாவற்றின் இழப்பையும் சேர்த்து மொத்தத் திறன் 60 முதல் 70 சதவீதம் என்றால் மீட்டரில் 17 முதல் 20 கிலோவாட் காட்டும். உங்கள் ப்ளோவர் இதே வேலைக்கு 28 கிலோவாட் இழுத்தால் வி.எஃப்.டி.க்கு முன்னால் பழுது பார்க்க வேண்டும்.

குறைந்த வேகத்துக்கும் எல்லை உண்டு. ரூட்ஸ் வகையில் மெதுவாகச் சுற்றும்போது இடுக்கு வழியாகக் காற்று பின்னால் நழுவும், அதே காற்று திரும்பத் திரும்ப அழுத்தப்பட்டுச் சூடு ஏறும். கியருக்கு எண்ணெய் தெறித்துத்தான் மசகு போகிறது என்றால் அதுவும் குறையும். மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகிவிடும். பெரும்பாலும் 40 முதல் 50 சதவீதம் வரை இறங்கலாம், ஆனால் தயாரிப்பாளர் எழுதிய எண்ணே கடைசி வார்த்தை. முதல் வாரம் வெளியேறும் காற்றின் சூட்டைக் கண்கொண்டு பாருங்கள்.

கட்டுப்பாட்டு வளையத்தை அவசரப்படாமல் அமையுங்கள்

டி.ஓ.வைப் பார்த்து வேகத்தை மாற்று என்று பி.எல்.சி.க்கு, அதாவது இயந்திரங்களைத் தானாக இயக்கும் சிறு கணினிக்கு, சொல்வது சுலபம். புதியவர்கள் செய்யும் தவறு, அதை வேகமாக எதிர்வினை காட்ட வைப்பது. காற்றை மாற்றினால் தொட்டியில் டி.ஓ. நகர ஆரம்பிக்கவே சில நிமிடம் ஆகும், நிலைக்கு வரப் பத்து பதினைந்து நிமிடம்கூட ஆகும். அதற்குள் கருவி பொறுமையில்லாமல் மறுபடி மறுபடி கூட்டினால் டி.ஓ. மேலும் கீழுமாக ஆடும், ப்ளோவரும் கூடவே ஆடும். கட்டுப்பாட்டு அமைப்பில் டெரிவேட்டிவை (அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்ப்பது) அணைத்துவிடுங்கள், பி (இப்போதைய வித்தியாசத்தைப் பார்ப்பது), ஐ (சேர்ந்துவந்த வித்தியாசத்தைப் பார்ப்பது) இரண்டு போதும். சென்சார் அளவை ஒன்றிரண்டு நிமிடச் சராசரியாக எடுங்கள். செட் பாயிண்ட்டுக்கு (நீங்கள் பிடிக்க நினைக்கும் டி.ஓ. அளவு) மேலும் கீழும் 0.2க்குள் இருந்தால் எதையும் தொடாதே என்று சொல்லிவிடுங்கள்.

வசதி இருந்தால் இரண்டு அடுக்காகச் செய்யுங்கள்: டி.ஓ. வளையம் எவ்வளவு காற்று வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும், அந்தக் காற்றைக் கொண்டுவருவது இன்னொரு வேகமான வளையத்தின் வேலை. இதற்குக் காற்றளவு மீட்டர் வேண்டும். ஒரே ப்ளோவர், ஒரே தொட்டி என்றால் இது தேவையே இல்லை.

சென்சார் செத்துப்போனால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அளவு சுழியமானால், அல்லது அரை மணி நேரம் கொஞ்சமும் அசையாமல் ஒரே எண்ணாக நின்றால், பி.எல்.சி. அதை நம்பாமல், நேரத்தைப் பார்த்து ஓடும் அட்டவணைக்கு மாறி மணி அடிக்க வேண்டும். சென்சாரே வாங்க முடியாத நிலையங்கள் அந்த அட்டவணையை மட்டும் வைத்தும் ஓட்டலாம்: இரண்டு வாரம் எடுத்த கோட்டைப் பார்த்து, இரவு 1 மணி முதல் 6 மணி வரை 60 சதவீத வேகம், மற்ற நேரம் 85 என்பது போல. அழகான தீர்வு இல்லைதான், ஆனால் வேலை செய்யும்.

ஒன்றுக்கு மேல் ப்ளோவர் இருந்தால்

இங்கேதான் அதிகம் சிக்கல். ஒரே அளவு ப்ளோவர் இரண்டு, ஒவ்வொன்றும் 60 சதவீதம் வரைதான் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஓடினால் 60 முதல் 100, இரண்டு ஓடினால் 120 முதல் 200. தேவை 110 என்று வந்தால்? ஒன்று போதாது, இரண்டு அதிகம். இரண்டாவது ஓட ஆரம்பிக்கும், டி.ஓ. ஏறும், நிற்கும், இறங்கும், திரும்ப ஓடும். நான் பார்த்த ஓர் இடத்தில் ராத்திரி முழுக்க இதே நடந்து மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் மின் ஸ்விட்சான கான்டாக்டர் கருகியது, பி.எல்.சி.யில் நிரல் தவறு என்று ஒரு மாதம் தேடினார்கள். ஒவ்வொன்றும் 50 வரை இறங்கும் என்றால் இந்த இடைவெளி இருக்காது. இல்லையென்றால் ஒன்றைச் சின்னதாக வாங்குங்கள், சின்னது இரவுக்கு, பெரியது பகலுக்கு. எதுவும் முடியாவிட்டால் ஒரு தடவை ஓடினால் குறைந்தது அரை மணி நேரம் நிற்காதே என்றாவது விதி வையுங்கள், கொஞ்சம் காற்று வீணானாலும் பரவாயில்லை.

பல தொட்டிகளுக்கு ஒரே ஹெடரில் காற்று போகிறது, ஒவ்வொரு கிளையிலும் வால்வு என்றால், பழைய வழக்கம் ஹெடர் அழுத்தத்தை ஒரே எண்ணில் பிடித்து வைப்பது. இரவில் எல்லா வால்வும் பாதி மூடிக் கிடக்கும், ப்ளோவர் அந்த மூடிய வால்வுகளை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில், அதிகம் திறந்திருக்கும் வால்வு எது என்று பார்த்து, அது ஏறக்குறைய முழுக்கத் திறக்கும் வரை அழுத்தத்தை மெல்ல இறக்குங்கள். பட்டர்ஃப்ளை வால்வில் எழுபது சதவீதத்துக்கு மேல் திறப்பதால் காற்று பெரிதாக மாறாது, அதனால் அங்கேயே நிறுத்திக்கொண்டால் போதும். இந்த வேலையை மெதுவாக, பல நிமிடங்களுக்கு ஒரு சின்ன அடியாகத்தான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வால்வுகளும் ப்ளோவரும் ஒன்றையொன்று துரத்தும். சென்ட்ரிஃப்யூகல் என்றால் வால்வுகள் மூடும் பக்கம் சர்ஜ் காத்திருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

அம்மோனியா மீட்டர் வேண்டுமா?

முதல் வருடம் வேண்டாம். டி.ஓ. கட்டுப்பாடு ஆடாமல் ஓட ஆரம்பித்த பிறகு, வெளியேறும் அம்மோனியாவைப் பார்த்து டி.ஓ. செட் பாயிண்ட்டையே 0.7க்கும் 2க்கும் இடையில் மாற்றிக்கொள்ளும்படி வைக்கலாம். அம்மோனியா ஏறக்குறைய தீர்ந்துபோன நேரத்திலும் 2ஐப் பிடித்துக்கொண்டிருப்பது வீண் என்பதுதான் காரணம். மிச்சம் உண்மையில் வரும், ஆனால் அந்த மீட்டருக்குப் பராமரிப்பும் அதிகம். டி.ஓ. சென்சாரையே துடைக்காத நிலையத்தில் அதை வாங்கி மாட்டுவதில் அர்த்தமில்லை. டி.ஓ.வை நீண்ட நேரம் மிகக் கீழே வைத்தால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுவது கூடக்கூடும், கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 270 மடங்கு சூடேற்றும் வாயு அது. பருவநிலைக்காக மின்சாரத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இதைப் பண்ணிவைக்க வேண்டாம்.

கணக்கு

மொத்த மின்கட்டணத்தைப் பார்த்து மிச்சம் என்று சொல்லாதீர்கள், மழைக் காலத்தில் வேறு, விடுமுறைக் காலத்தில் வேறு. ப்ளோவர் மீட்டரின் யூனிட்டை, அந்த மாதம் போக்கிய பிஓடி கிலோவால் வகுத்துப் பாருங்கள், அதை முந்திய வருடம் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அம்மோனியாவையும் போக்குகிறீர்கள் என்றால் அதன் ஆக்சிஜனையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செட் பாயிண்ட்டை இறக்கிய வாரத்திலேயே ஸ்லட்ஜ் வெளியேற்றத்தையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நோட்டு போட்டுத் தேதியோடு எழுதுங்கள், என்ன மாற்றினீர்கள், ஏன் என்று. சென்சாரைத் துடைத்த தேதியும் அதே நோட்டில் இருக்கட்டும், ஏதோ ஒரு மாதம் யூனிட் காரணமே இல்லாமல் ஏறினால் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.